தைராய்டு ஆன்டிபாடி அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைத் திறக்கிறீர்கள். ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் நிற்கிறது: ஆன்டி-டிபிஓ, 600-க்கு மேல். பக்கத்தில் இயல்பு அளவு 34-க்குள் என்று போட்டிருக்கிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் இணையத்தில் தேடி, 'உடம்பு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது' என்பதுபோன்ற வரிகளைப் படித்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அந்த நாலு நாளில் உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே நிதானமாகப் படிக்கவும், பிறகு டாக்டரிடம் சரியான கேள்வியோடு போகவும் இந்த வழிகாட்டி உதவும்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டி-டிபிஓ என்பது தைராய்டுக்கு எதிராக நம் நோய் எதிர்ப்பு மண்டலமே உண்டாக்கும் ஓர் ஆன்டிபாடி. அதன் எண் உங்கள் நோய் எவ்வளவு கடுமையானது என்று சொல்வதில்லை. தைராய்டில் கோளாறு இருந்தால் அது எதனால் வந்தது, இல்லாவிட்டால் நாளை வர வாய்ப்பு உண்டா என்ற இரண்டையும்தான் அது சொல்கிறது. இன்று மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது டிஎஸ்எச், அதாவது தைராய்டை வேலைசெய்யச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோன். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் விலகிவிடும்.

படி 1: எந்த ஆன்டிபாடி என்று முதலில் பாருங்கள்

'தைராய்டு ஆன்டிபாடி' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சோதனைகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, 15 முதல் 25 கிராம் எடையில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் அயோடினை எடுத்து, தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் பொருத்தி, டி4, டி3 என்ற ஹார்மோன்களை அது தயாரிக்கிறது. அயோடினைப் பொருத்தும் வேலையைச் செய்யும் நொதியின் பெயர் தைராய்டு பெராக்சிடேஸ், சுருக்கமாக டிபிஓ. நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த நொதியை அன்னியப் பொருளாக நினைத்து அதற்கு எதிராக உண்டாக்கும் புரதம்தான் ஆன்டி-டிபிஓ. நோய் எதிர்ப்பு மண்டலம் தைராய்டைத் தாக்கி மெல்ல அழிக்கும் நோய்க்கு ஹஷிமோட்டோ தைராய்டிடிஸ் என்று பெயர். அது உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடமாவது இது இருக்கும். அம்மாவின் பழைய ஃபைலில் 'ஆன்டி மைக்ரோசோமல் ஆன்டிபாடி' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதுவேதான். அந்த மைக்ரோசோமல் பொருள் டிபிஓதான் என்பது 1985-இல்தான் தெரியவந்தது.

இரண்டாவது ஆன்டி-டிஜி. இது தைரோகுளோபுலினுக்கு எதிரானது. பெரும்பாலும் ஆன்டி-டிபிஓவோடு சேர்ந்தே வரும். இது மட்டும் தனியாகக் கூடியிருந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அதற்குப் பெரிய முக்கியத்துவம் கிடையாது. ஆனால் ஓர் இடத்தில் இதன் மதிப்பு மிக அதிகம். தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களுக்கு, நோய் திரும்புகிறதா என்று பார்க்க ரத்தத்தில் தைரோகுளோபுலின் அளவைச் சோதிப்பார்கள். ஆன்டி-டிஜி இருந்தால் அந்த அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே எடுப்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஆன்டி-டிஜி காலப்போக்கில் இறங்குகிறதா, ஏறுகிறதா என்பது உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம்.

மூன்றாவது டிஆர்ஏபி, அதாவது டிஎஸ்எச் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி. இது மற்ற இரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்எச் வந்து அமரும் இடத்தில் இது போய் அமர்ந்து, சுரப்பியை ஓயாமல் வேலைவாங்கும். கிரேவ்ஸ் நோய் வருவது இதனால்தான். முதல் இரண்டும் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும் தாக்குதலின் அடையாளங்கள். சுரப்பியின் செல்களை அழிப்பதில் பெரும்பங்கு டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களுடையது. டிஆர்ஏபி அப்படி அல்ல, நோயை உண்டாக்குவதே அதுதான். அதனால் டிஆர்ஏபியின் எண்ணுக்கு மருத்துவத்தில் நேரடி மதிப்பு உண்டு, அதைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதிலும் அர்த்தம் உண்டு.

இந்த அறிவு வந்த கதை சுவையானது. ஜப்பானைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் தைராய்டு திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் வெள்ளையணுக்கள் மண்டிக் கிடப்பதை எழுதிவைத்தார். ஏன் அப்படி என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. 44 ஆண்டுகள் கழித்து, 1956-இல், லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் அத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். உடம்பு தன் சொந்த உறுப்பையே எதிர்க்கும் என்பதை அதுவரை பலரும் நம்பத் தயாராக இல்லை. அதே 1956-இல் நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வஸ் என்ற இருவர், கிரேவ்ஸ் நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டை நீண்ட நேரம் தூண்டும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். இன்றைய டிஆர்ஏபி சோதனையின் தொடக்கம் அதுதான்.

படி 2: எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் இயல்பு அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆன்டி-டிபிஓவைப் பொறுத்தவரை லேபுக்கு லேப் இது மாறும், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஒன்றில் 34 வரை இயல்பு, இன்னொன்றில் 9 வரை, வேறொன்றில் 5.61 வரை, மற்றொன்றில் 60 வரை. போன வருடம் ஒரு லேபில் 180, இந்த வருடம் வேறொரு லேபில் 420 என்றால் நோய் இரண்டு மடங்காகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

'600-க்கு மேல்', '1000-க்கு மேல்' என்று வருவதும் உச்சகட்ட நோயின் அறிகுறி அல்ல. அந்த இயந்திரம் அதற்கு மேல் அளக்காது, அவ்வளவுதான்.

எல்லையை ஒட்டி, 34-க்கு 41 என்பதுபோல வந்திருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் போக வேண்டாம். நோயே இல்லாதவர்களிடமும் சிறிதளவு ஆன்டிபாடி சாதாரணமாகக் காணப்படும். அளவு நன்றாகக் கூடியிருந்தால் ஆட்டோஇம்யூன் தைராய்டு நோய், அதாவது உடம்பே தன் தைராய்டை எதிர்க்கும் நோய், இருப்பது உறுதிப்படும். 300 உள்ளவரைவிட 900 உள்ளவருக்கு மூன்று மடங்கு நோய் என்று கணக்குப் போட முடியாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: முடிகொட்டுகிறதே என்று பயோடின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு கோளாறுள்ளவர்களுக்கு முடி உதிர்வது சகஜம், அதனால் இதைச் சாப்பிடுபவர்கள் நிறைய. சில இயந்திரங்களில் சோதனை நடப்பதே பயோடினைப் பயன்படுத்தித்தான். ரத்தத்தில் பயோடின் அதிகமிருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும், ஆன்டிபாடிகள்கூடப் பொய்யாகக் கூடியும் காட்டலாம். இல்லாத கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோல ரிப்போர்ட் வந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோடினை நிறுத்துங்கள். மிக அதிக அளவில் எடுப்பவர்கள் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும். 'முடி, தோல், நகம்' என்று பெயர்போட்ட மாத்திரைகளிலும் மல்டிவைட்டமின்களிலும் இது கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

படி 3: டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் கட்டுறாமல் இருக்கும் டி4-இன் அளவு, கீழே டி4 என்று சொல்வது இதைத்தான். சுரப்பி மந்தமானால் டிஎஸ்எச் ஏறும், ஹார்மோன் மிஞ்சினால் டிஎஸ்எச் இறங்கும். ஆன்டிபாடி மட்டும் எடுத்து, இந்த இரண்டும் எடுக்கவில்லை என்றால் ரிப்போர்ட் பாதிதான் இருக்கிறது, மீதியையும் எடுத்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு டிஎஸ்எச் ஏறக்குறைய 0.4 முதல் 4.5 வரை இயல்பு. வயதாக ஆக மேல் எல்லை கொஞ்சம் உயரும். 75 வயதுப் பாட்டிக்கு 6 வந்தால் அது பெரும்பாலும் வயதின் போக்கு.

ஆன்டிபாடி கூடுதல், டிஎஸ்எச்சும் டி4-உம் இயல்பு என்றால்: உங்கள் சுரப்பி இன்று தேவையான ஹார்மோனைச் சரியாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. மாத்திரை தேவையில்லை. 'எதற்கும் முன்னெச்சரிக்கையாக 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை ஆரம்பித்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால், எதற்காக என்று மரியாதையாகக் கேளுங்கள். குறையாத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதால் தாக்குதல் நின்றுவிடாது. வருடம் ஒருமுறை டிஎஸ்எச் பார்த்தால் போதும்.

ஆன்டிபாடி கூடுதல், டிஎஸ்எச் கொஞ்சம் கூடுதல் (4.5 முதல் 10 வரை), டி4 இயல்பு என்றால்: இதற்கு சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்று பெயர். ஹைப்போதைராய்டிசம் என்றால் தைராய்டு ஹார்மோன் குறைவு, சப்கிளினிக்கல் என்றால் அது இன்னும் முழுமையாக வராத நிலை. உடனே மாத்திரைக்குப் போகாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பதே முறை. காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறும் நேரத்தில் டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். கணிசமானவர்களுக்கு மறுசோதனையில் தானாகவே இயல்புக்கு வந்துவிடுகிறது. மறுபடியும் கூடுதலாகவே இருந்தால் வயது, அறிகுறி, கழுத்து வீக்கம், கர்ப்பத் திட்டம் இவற்றை வைத்து டாக்டர் முடிவெடுப்பார். ஆன்டிபாடி இருப்பது இங்கே தராசை மாத்திரையின் பக்கம் கொஞ்சம் சாய்க்கும்.

டிஎஸ்எச் 10-க்கு மேல், அல்லது டி4 குறைவு என்றால்: இங்கே தயக்கம் தேவையில்லை. குறையும் டி4 ஹார்மோனை ஈடுசெய்யும் லெவோதைராக்சின் மாத்திரை பொதுவாக அவசியம். ஆன்டிபாடி சொல்வது காரணத்தை மட்டும்: ஹஷிமோட்டோ. காரணம் தெரிந்ததால் மருந்து மாறப்போவதில்லை. ஆனால் இது தற்காலிகமா, நிரந்தரமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நிரந்தரம் என்ற பதிலை அது தருகிறது.

டிஎஸ்எச் மிகவும் குறைவு, டி4 கூடுதல் என்றால்: இங்கேதான் அவசரப்பட்டுத் தவறான சிகிச்சைக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. படபடப்பு, கைநடுக்கம், எடை இறங்குதல் எல்லாம் இருக்கும். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று கிரேவ்ஸ், சுரப்பி உண்மையிலேயே அதிகமாகத் தயாரிக்கிறது. மற்றொன்று தைராய்டிடிஸ், சுரப்பி சிதைந்து, சேமித்து வைத்திருந்த ஹார்மோன் வெளியே கசிகிறது. ஆன்டி-டிபிஓ இரண்டிலும் கூடியிருக்கலாம், அதனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. பிரித்துக் காட்டுவது டிஆர்ஏபி, அல்லது டெக்னீஷியம் ஸ்கேன். கிரேவ்ஸுக்கு, ஹார்மோன் தயாரிப்பைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மருந்து வேண்டும். தைராய்டிடிஸுக்கு அது பயன்படாது. படபடப்புக்கு ப்ரோப்ரனலால் மட்டும் கொடுத்து, காத்திருந்து பார்ப்பார்கள். கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளையணு எண்ணிக்கையைச் சோதியுங்கள். அரிதாக அது ஆபத்தான அளவுக்குக் குறையும்.

படி 4: எதிர்காலத்தை எண்களில் பாருங்கள்

'இன்றைக்குச் சரியாக இருக்கிறது, நாளைக்கு?' என்பதே எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. இதற்கு நல்ல பதில் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள விக்கம் என்ற ஊரில் கிடைத்தது. அங்குள்ள மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆன்டிபாடியும் டிஎஸ்எச்சும் இரண்டுமே கூடியிருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம் முழுமையாக வந்தது. டிஎஸ்எச் இயல்பாக இருந்து ஆன்டிபாடி மட்டும் கூடியிருந்தவர்களில் ஆண்டுக்கு 2.1 சதவீதம்.

இதை இப்படிப் பாருங்கள். ஆன்டிபாடி மட்டும் கூடியிருந்த பெண்களில் 20 ஆண்டுகள் கழித்தும் நான்கில் மூன்று பேருக்கு எதுவும் வரவில்லை. வந்த கால் பங்கினருக்கும் வந்தது, தினம் ஒரு மாத்திரையில் கட்டுப்படும் நோய்.

நீங்கள் தனியாகவும் இல்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவருக்குமேல், 21.85 சதவீதம் பேருக்கு, ஆன்டி-டிபிஓ கூடியிருந்தது. ஹைப்போதைராய்டிசம் இருந்ததோ 10.95 சதவீதம் பேருக்கு.

படி 5: அறிகுறிகளை எல்லாம் இதன் தலையில் கட்டாதீர்கள்

இது கொஞ்சம் கடினமான படி. சோர்வு, உடல்வலி, முடிகொட்டுதல், மறதி என்று அவதிப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு ஆன்டிபாடி கூடியிருப்பது தெரிந்ததும், 'அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது' என்று தோன்றும். அந்த அவதி உண்மையானது. ஆனால் டிஎஸ்எச் இயல்பாக இருக்கும்போது அந்தச் சோர்வுக்குக் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, சர்க்கரை இவற்றைப் பாருங்கள். தூக்கத்தையும் மனநிலையையும் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

பி12-ஐ நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைராய்டு ஆன்டிபாடி உள்ளவர்களிடம் வேறு சில ஆட்டோஇம்யூன் நோய்களும் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. வயிறு பி12-ஐ உறிஞ்ச முடியாமல் போகும் பெர்னிஷியஸ் அனீமியா அதில் ஒன்று. வெண்புள்ளி, டைப் 1 சர்க்கரை நோய், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், வட்டவட்டமாக முடி உதிர்தல், ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் ஆகியவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் சோதனை எடுக்க ஓட வேண்டாம், அறிகுறி இருந்தால் மட்டும் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உடல் கறுத்து, எடை இறங்கி, ரத்த அழுத்தம் குறைந்து, எழுந்தால் தலைசுற்றினால் அட்ரினல் சுரப்பிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். பார்க்காமல் தொடங்கினால் நிலைமை திடீரென்று மோசமாகும்.

படி 6: கழுத்து ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டாம்

கழுத்தில் கட்டி கையில் தட்டுப்பட்டாலோ, சுரப்பி பெரிதாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ அல்ட்ராசவுண்ட் எடுங்கள். ஆன்டிபாடி கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால் சுரப்பி சீரற்றும் கருமையாகவும் தெரிகிறது என்று எழுதுவார்கள். அது ஹஷிமோட்டோவின் வழக்கமான தோற்றம், புற்றுநோய் அல்ல.

படி 7: கர்ப்பம் தரித்திருந்தால், அல்லது திட்டமிருந்தால்

மற்ற எவரைவிடவும் ஆன்டிபாடி முடிவு அதிகம் பயன்படுவது இவர்களுக்குத்தான்.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தைக்கான தைராய்டு ஹார்மோனும் தாயிடமிருந்தே போகிறது. சுரப்பிக்கு வேலைப்பளு கூடுகிறது. ஏற்கெனவே தாக்குதலுக்கு உள்ளான சுரப்பி, சாதாரண நாளில் சமாளித்ததை அப்போது சமாளிக்க முடியாமல் திணறலாம். அதனால் ஆன்டி-டிபிஓ உள்ளவர்கள், டிஎஸ்எச் இயல்பாக இருந்தாலும், கர்ப்பம் உறுதியானதும் சோதித்து, பிறகு கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், 30-ஆம் வாரத்தை ஒட்டி ஒருமுறையும் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். டிஎஸ்எச் கர்ப்பகால எல்லையைத் தாண்டினால் மாத்திரை கொடுப்பார்கள். 2.5-க்கும் அந்த எல்லைக்கும் இடையில் இருந்து ஆன்டிபாடியும் இருந்தால் டாக்டர் யோசித்து முடிவெடுப்பார்.

கருச்சிதைவு பற்றி. ஆன்டி-டிபிஓ உள்ள பெண்களிடம் கருச்சிதைவு சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தையை இழந்த பெண்ணுக்கு இந்த ரிப்போர்ட் கையில் கிடைக்கும்போது, 'இது முன்பே தெரிந்திருந்தால் மாத்திரை சாப்பிட்டுக் காப்பாற்றியிருக்கலாமே' என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்லியிருக்கிறது. டிஎஸ்எச் இயல்பாக, ஆன்டி-டிபிஓ மட்டும் கூடுதலாக இருந்த பெண்களுக்கு, கருவுறும் முன்பிருந்தே 50 மைக்ரோகிராம் மாத்திரையோ, அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரையோ கொடுத்து பிரிட்டனில் நடந்த டேப்லெட் ஆய்வு 2019-இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 37.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. வித்தியாசம் இல்லை. நீங்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை. வீட்டில் யாராவது உங்கள் மேல் பழி போட்டால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் உறுதியானதும் டாக்டரை அழைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அளவை 20 முதல் 30 சதவீதம் உடனே கூட்ட வேண்டியிருக்கும். அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். 'கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது' என்று பெரியவர்கள் சொன்னாலும் இதை நிறுத்தக் கூடாது. குழந்தைக்குத் தேவையான ஹார்மோன் இது.

கிரேவ்ஸ் இருப்பவர்கள், முன்பு கிரேவ்ஸுக்காக அறுவையோ ரேடியோ அயோடினோ செய்துகொண்டவர்கள் அந்த விவரத்தைப் பிரசவ டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டிஆர்ஏபி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடையும். எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் வயிற்றிலுள்ள குழந்தையைத் தனியாகக் கண்காணிப்பார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு கட்டம் உண்டு. கர்ப்பத் தொடக்கத்தில் ஆன்டி-டிபிஓ இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டிடிஸ் வருகிறது. முதல் சில மாதங்களில் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. பிறகு சோர்வு, மனச்சோர்வு. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு இது இயல்புதானே என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆன்டி-டிபிஓ உள்ள தாய்க்கு பிரசவமாகி மூன்று, ஆறு மாதங்களில் டிஎஸ்எச் பார்ப்பது மிக நல்லது. பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் தேறிவிடுவார்கள், சிலருக்கு மாத்திரை தொடரும்.

படி 8: மாத்திரை தொடங்கினால் சரியாகச் சாப்பிடுங்கள்

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபிக்கும் மாத்திரைக்கும் இடையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டு, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் சாப்பிடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி அவசியம். கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் ஒன்றாகச் சாப்பிடும் பழக்கத்தால்தான் பலமுறை டிஎஸ்எச் இறங்காமல் நிற்கிறது. பேன்டோபிரசோல் போன்ற வயிற்றெரிச்சல் மாத்திரையும் உறிஞ்சுதலைக் குறைக்கும். அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டிஎஸ்எச் பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் சரியான எண் வராது. ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள்.

வயதானவர்களுக்கும் இதய நோயுள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அளவைப் பார்த்து நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள்.

படி 9: 'ஆன்டிபாடியைக் குறைக்கிறோம்' என்பவர்களிடம் எச்சரிக்கை

இங்கேதான் பணமும் நிம்மதியும் வீணாகின்றன. ஆன்டி-டிபிஓ எண்ணைக் குறைப்பது ஒரு சிகிச்சை இலக்கே அல்ல. பல ஆண்டுகளில் சுரப்பி அழிந்து முடிந்தவர்களுக்கும் அந்த எண் தானாக இறங்கும், அது குணமானதன் அடையாளம் இல்லை. ஒருமுறை கூடுதல் என்று தெரிந்த பிறகு ஆன்டி-டிபிஓவை மறுபடி மறுபடி எடுப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்து, இறங்கியதைக் காட்டிப் பொடியும் பானமும் விற்பவர்கள் சொல்வது எதுவாக இருந்தாலும், அவர்களிடம் டிஎஸ்எச் எவ்வளவு மாறியது என்று கேளுங்கள்.

செலினியம் மாத்திரை சில ஆய்வுகளில் ஆன்டிபாடியின் எண்ணைக் குறைத்திருக்கிறது. ஆனால் அதனால் நோய் நின்றதாகவோ மாத்திரை தேவைப்படாமல் போனதாகவோ உறுதியாகக் காட்டப்படவில்லை. அளவு மீறினால் முடி உதிரும், நகம் உடையும்.

அயோடின் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஒரு சாரார் தைராய்டு என்றதும் கடல்பாசி மாத்திரையும் அயோடின் சொட்டுமருந்தும் வாங்குகிறார்கள். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு மிதமிஞ்சிய அயோடின் சுரப்பியை முடக்கக்கூடும். இன்னொரு சாரார் பயந்துபோய் அயோடின் உப்பை நிறுத்திக் கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறுகிறார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150, கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். சமையலில் வழக்கமாகப் போடும் அயோடின் உப்பு பாதுகாப்பானது, வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் அதை நிறுத்தவே கூடாது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேகவைத்துச் சாப்பிடுவதில் தடையில்லை. சீலியாக் நோய் உறுதியாகாதவரை சப்பாத்தியைக் கைவிடத் தேவையில்லை. சிகரெட்டை மட்டும் விட்டேயாக வேண்டும், கிரேவ்ஸ் உள்ளவர்களுக்குக் கண் பாதிப்பை அது மிகவும் மோசமாக்கும்.

படி 10: டாக்டரிடம் எதைக் கொண்டுபோவது, எப்போது காத்திருக்கக் கூடாது

எல்லாப் பழைய ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எழுதுங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மனநலத்துக்கான லித்தியம், புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி ஊசிகள் ஆகியவை தைராய்டைப் பாதிக்கும். ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு, டைப் 1 சர்க்கரை, வெண்புள்ளி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எனக்கு இப்போது ஹார்மோன் குறைவா, கூடுதலா, இயல்பா? அடுத்த டிஎஸ்எச் எப்போது? எந்த எண்ணைத் தாண்டினால் சிகிச்சை மாறும்?

கழுத்து சில வாரங்களில் வேகமாகப் பெரிதானால், குரல் கம்மினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே போங்கள். நாட்பட்ட ஹஷிமோட்டோ உள்ள வயதானவர்களுக்கு மிக அரிதாகச் சுரப்பியிலேயே லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வரலாம். கண்கள் பிதுங்கி, வலித்து, காட்சி இரட்டையாகத் தெரிந்தால் கண் மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள். ஓய்விலும் இதயம் தறிகெட்டு ஓடினால், நெஞ்சுவலி வந்தால், அல்லது மாத்திரையை நிறுத்திவிட்ட முதியவர் உடல் சில்லிட்டு, மந்தமாகி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் அவசரப் பிரிவுக்கே கொண்டுபோக வேண்டும்.

உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆன்டிபாடி சோதனை தேவையில்லை. அறிகுறி இருந்தால், அல்லது தங்கையோ மகளோ குழந்தைக்குத் திட்டமிட்டால், ஒரு டிஎஸ்எச் பார்க்கச் சொல்லுங்கள்.